கையால் கடைந்த பூல் கியூவுக்கு ஏன் இத்தனை மவுசு?

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "மேசையில் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் விழவைக்கும் பூல் ஆட்டம் ஆடுகிறோம். நாங்கள் ஆடும் இடத்தில் இருக்கும் கியூவின், அதாவது அந்தக் கோலின், விலை இரண்டாயிரம் ரூபாய்தான். அமெரிக்காவில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் கையால் செய்த கியூவைப் பல லட்சம் கொடுத்து வாங்குகிறார்களாம். இரண்டும் மரக்கோல்தானே? அதை வைத்து அடித்தால் பந்து தானாகப் போய்க் குழியில் விழுமா? எதற்காக இப்படித் தேடி அலைகிறார்கள்?"

விழாது, தம்பி. முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். கியூவின் தோல் நுனி வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. அடியின் அதிர்வைக் கை உணர்ந்து மூளைக்குச் சொல்வதற்குள் பந்து புறப்பட்டுப் போயிருக்கும். பந்தில் எந்த இடத்தில் பட்டது, எவ்வளவு வேகத்தில் பட்டது, நுனித் தோல் வழுக்கியதா பிடித்ததா, கியூவின் முன்பாதியான ஷாஃப்டின் முனைப் பகுதி எவ்வளவு கனம் என்பவைதான் பந்தின் போக்கை முடிவு செய்கின்றன. கியூவைச் செய்தவர் புகழ்பெற்றவரா என்பது பந்துக்குத் தெரியாது.

அப்படியானால் மவுசு எதற்கு? நான் அம்பாசமுத்திரத்தில் மரக் கடைசல் தொழில் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் பக்கத்துச் சொப்புச் சாமான்களை நீங்கள் சிறு வயதில் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கடம்பைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, உளியால் வடிவம் கொடுத்து, சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்தி வண்ணம் ஏற்றும் வேலை. இப்போது என்னிடம் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமிருந்து கியூக்களும் பழுதுக்கு வருகின்றன. பூல் கியூவும் கடைசல் வேலைதான். அதனால் இந்தக் கேள்விக்குப் பட்டறைக்காரனாகவே பதில் சொல்கிறேன். நல்ல கைவேலைக் கியூவில் விலைபோவது செய்தவரின் பொறுமை. எத்தனை கட்டைகளை வேண்டாம் என்று ஒதுக்கினார், ஒதுக்காததை எத்தனை மாதம் ஆறவிட்டார் என்பது அந்தக் கோலுக்குள் இருக்கிறது. அந்த மாதிரி வேலையை ஒரு மனிதர் தம் ஆயுளில் கொஞ்சம்தான் செய்ய முடியும்.

மரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பூல் கியூவின் ஷாஃப்டுக்கு ஹார்ட் மேப்பிள் என்ற மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வளர்வது. ஸ்னூக்கர் கியூவுக்குப் பெரும்பாலும் ஆஷ் மரம். மேப்பிள் நல்ல விறைப்பு, இழை நெருக்கம், விரல்களுக்கிடையே ஓடும்போது சொரசொரப்பே தெரியாது. ஆனால் மேப்பிள் என்பதால் மட்டும் எல்லாக் கட்டையும் ஆகிவிடாது. ரேகை அடியிலிருந்து நுனி வரை நேராக ஓடவேண்டும். நடுவில் எங்காவது ரேகை சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறியிருந்தால், இன்று எவ்வளவு நேராகக் கடைந்தாலும் பிறகு ஒருநாள் அந்த இடத்தில்தான் கோல் திரும்பும். கனிம ஓட்டத்தால் வந்த கறைக்கோடு, சிறு கணு, நிற வேறுபாடு எல்லாம் ஒதுக்கக் காரணங்கள். கறைக்கோடு ஆட்டத்தைக் கெடுக்காது, ஆனாலும் பெரிய கைவினைஞர்கள் அதையும் ஒதுக்கிவிடுவார்கள்.

ஒதுக்கியது போக மிஞ்சிய கட்டையை அன்றே கடைந்து முடிப்பதும் இல்லை. ஏறக்குறைய ஓர் அங்குலக் கனமுள்ள கட்டையை உருட்டி, சிறிது கடைந்து, செங்குத்தாகத் தொங்கவிடுவார்கள். சில வாரங்கள், சிலர் கையில் சில மாதங்கள் கழித்து எடுத்து மேலும் ஒரு சுற்றுக் கடைவார்கள். மறுபடி தொங்கவிடுவார்கள். மேல் தோலைச் சீவச் சீவ, மரத்துக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் வெளியே வரும். அப்போது வளைய வேண்டியது வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தி விற்பவர் உண்டு. நெருப்புக் காட்டி, கையால் அழுத்தி நிமிர்த்தலாம், சில நாள் நேராக இருக்கும். மதிப்பு மிக்கவர்கள் அதைச் செய்யமாட்டார்கள், வளைந்ததை விறகோடு சேர்த்துவிடுவார்கள். கடைசியாக நுனி 12 அல்லது 13 மில்லிமீட்டருக்கு வரும்போது அந்தக் கோலுக்கு ஒன்றிரண்டு ஆண்டு வயதாகியிருக்கலாம். நல்ல தொழிற்சாலைகளும் கட்டம் கட்டமாகத்தான் கடைகின்றன. ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிற கியூவில் அப்படிக் காத்திருப்பதும் கழித்துப் போடுவதும் கட்டுப்படியாகாது.

காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நாகஸ்வரம் கடைய ஆச்சா மரத்தை நேற்று வெட்டிக் கொண்டுவர மாட்டார்கள். இடிக்கிற பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்கி, தலைமுறைக் கணக்கில் காய்ந்த மரத்தில்தான் நரசிங்கம்பேட்டைக்காரர்கள் செய்கிறார்கள். கியூ செய்பவர்களும் பழைய மரத்துக்கு அப்படித்தான் அலைகிறார்கள். அமெரிக்கப் பேரேரிகளில் 19-ஆம் நூற்றாண்டில் மிதக்கவிட்டுக் கொண்டுபோகும்போது மூழ்கிய மரங்களைப் பின்னால் வெளியே எடுத்தார்கள். மெதுவாக வளர்ந்து வளையம் நெருங்கிய பழங்காட்டு மரம் என்பதால் அதைக் கேட்டு வாங்கியவர்கள் உண்டு.

அடுத்து, பிடிக்கு மேலே தெரியும் ஈட்டிமுனைகள். வெளிர் மேப்பிளில் கறுப்பு முனைகள் நான்கு மேல்நோக்கி ஏறி, அவற்றைச் சுற்றி மெல்லிய வண்ணக் கோடுகள் ஓடுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது மேலே வரைந்ததோ ஒட்டியதோ கிடையாது. சதுரமான மேப்பிள் கட்டையில் ஆங்கில 'வி' வடிவத்தில் சரிவான பள்ளம் நான்கு வெட்டுவார்கள். பள்ளம் பிடிப் பக்கம் ஆழமாகவும் மேலே போகப் போக ஒன்றுமில்லாமலும் மறையும். அதில் சாயம் ஏற்றிய மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி, கருங்காலிக் கட்டையை வைத்துப் பசையிட்டு இறுக்குவார்கள். காய்ந்த பிறகு முழுவதையும் உருளையாகக் கடையும்போது கருங்காலி கூர்முனையாக வெளிப்படும்.

சிரமம் எங்கே என்றால், அந்தச் சரிவு மிகவும் தட்டையானது. ஒரு பள்ளம் கால் மில்லிமீட்டர் ஆழமாகிவிட்டால், அல்லது கடைசலில் கட்டையின் மையம் அந்த அளவு நகர்ந்துவிட்டால், அந்த ஒரு முனை மட்டும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். நான்கு முனைகளும் ஒரே வட்டத்தில் வந்து முடியவேண்டும், நான்கும் ஊசிபோல் கூராக முடியவேண்டும், வண்ணக் கோடுகளின் கனம் இருபுறமும் ஒன்றாக இருக்கவேண்டும். கணினி இயந்திரத்தில் குழி வெட்டிப் பதித்த முனைகள் பெரும்பாலும் நுனியில் சற்று உருண்டிருக்கும். வெட்டும் உளி உருண்டை என்பதால் குழியின் மூலையும் உருண்டுபோகிறது. அதைக் கையால் கூராக்குபவர்களும் இருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி முனையைப் பார்த்தால் பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் நுனித் தோல் மாற்றுவதற்காக ஒரு கைவேலைக் கியூவை என்னிடம் விட்டுப்போயிருந்தார். திருகைக் கழற்றி இரண்டு பாதிகளையும் மறுபடி பொருத்திப் பார்த்தேன். கடைசி அரைச் சுற்றில் கை சற்றே அழுத்தம் கொடுத்தால் போதும், இரு முகமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. விளக்குக்கு எதிரே பிடித்தால் இடையில் ஒளிக்கீற்று வரவில்லை. நகத்தை ஓட்டினால் எங்கே ஷாஃப்ட் முடிகிறது, எங்கே அடிப்பாகம் தொடங்குகிறது என்று தட்டவில்லை. கண்ணாடிப் பலகையில் உருட்டினேன். முழுக் கோலாக உருட்டும்போதும், பாதி பாதியாக உருட்டும்போதும் அடியில் தெரிந்த ஒளி துள்ளவில்லை. என் அனுபவத்தில் நம் ஊர்க் கிளப் கியூக்களை இப்படி உருட்டினால் சைக்கிள் சக்கரம் கோணியதுபோல் ஆடும். அன்று அதை வேலை முடிந்த பிறகும் திருப்பித் தர மனமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொருத்தம்தான் ஆட்டக்காரர் கையில் 'அடி' என்று பேசப்படுவது. பூல் கியூ பொதுவாக 58 அங்குலம், எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ். அதற்குள் ஷாஃப்ட், திருகு, பிடிக்கு மேலே ஈட்டிமுனைகள் உள்ள முன்கை, பிடி, அடிக்கட்டை என்று பல துண்டுகள் சேர்ந்திருக்கின்றன. எங்காவது ஓர் இணைப்பில் பசை விட்டிருந்தால் அடிக்கும்போது மெல்லிய ரீங்காரம் கேட்கும். எல்லாம் இறுகியிருந்தால் 'டொக்' என்று ஒரே ஒலி. சிலர் இணைப்பில் துருப்பிடிக்காத எஃகு வளையம் வைத்தார்கள், அது கறாரான அடி. சிலர் மரமுகம் மரமுகத்தோடு சேரும்படி வைத்தார்கள், அது கொஞ்சம் மென்மை. பந்து போன பிறகு வரும் செய்திதான் இது என்று மேலே சொன்னேன். ஆனால் ஆட்டக்காரர் அந்தச் செய்தியை வைத்துத்தான் அடுத்த அடியைத் திருத்திக்கொள்கிறார். செய்தி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தால் கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி நீங்கள் கேட்ட அந்த 'யாரோ ஒருவர்'. பெரும்பாலும் அவர் ஜார்ஜ் பாலபுஷ்காவாக இருப்பார். 1912-ல் ரஷ்யாவில் பிறந்து, 1924-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். தச்சு வேலை, மரச்சாமான் வேலை, பொம்மை செய்யும் வேலை என்று பிழைத்தவர். பொம்மைத் தச்சர் ஒருவர்தான் உலகத்தின் மிகப் பெரிய கியூ கைவினைஞர் ஆனார் என்பதை அம்பாசமுத்திரத்துக்காரனாக நான் மிகுந்த பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். 1959-ல் கூட்டாளி ஒருவரோடு நியூயார்க்கில் பூல் கூடம் வாங்கினார். நண்பர்களுக்குப் பரிசாகக் கியூ செய்து கொடுக்க ஆரம்பித்து, பார்த்தவர்கள் காசு கொடுத்துக் கேட்க, அதுவே தொழிலாயிற்று. 1975-ல் இறந்துவிட்டார். பதினாறு ஆண்டுகளில் அவர் கையிலிருந்து வந்த கியூக்கள் ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு வரை என்று கணக்கிடுகிறார்கள். வயலின் உலகத்து ஸ்ட்ராடிவேரியஸோடு ஒப்பிட்டுத்தான் அவரைச் சொல்வார்கள்.

அவரைப் பற்றி ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். ஈட்டிமுனை வைத்த முன்கைக் கட்டைகளை அவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கினார். முதலில் பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் என்ற ஒற்றைக்கோல் கியூக்களை அறுத்து இரண்டு துண்டுக் கியூவாக மாற்றினார். பிறகு சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயினிடமும், பென்சில்வேனியாவின் கஸ் ஸாம்போட்டியிடமும் வாங்கினார். அழகான பகுதி அடுத்தவர் வேலை என்றால் இவருக்கு ஏன் இந்தப் பெயர்? கடைசல்காரனுக்கு இதில் குழப்பம் இல்லை. கோல் நுனியிலிருந்து அடிவரை எந்தச் சரிவில் பருக்கவேண்டும், கனம் எங்கே உட்காரவேண்டும், இணைப்பு எவ்வளவு இறுகவேண்டும், ஐரிஷ் லினன் நூலைப் பிடியில் எப்படிச் சுற்றி அழுத்தி மழமழப்பாக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் கை. நல்ல ஆட்டக்காரரும் நல்ல தச்சரும் ஒரே ஆளாக இருந்தது அபூர்வம். ஸாம்போட்டியும் பின்னாளில் தம் பெயரிலேயே பெரும்புகழ் பெற்றார். அவர் 1988-ல் இறந்தபின் அவர் செய்த கியூக்களின் விலையும் ஏறியது.

பாலபுஷ்கா பெயர் ஆட்டக்காரர் வட்டத்துக்கு வெளியே பரவியதற்கு 1986-ல் வந்த ஹாலிவுட் படம் ஒன்று காரணம். அதில் கதாநாயகனுக்குப் பாலபுஷ்கா என்று சொல்லி ஒரு கியூ தரப்படும். உண்மையில் திரையில் வந்தது ஜாஸ் கம்பெனியின் கியூ. அசலைப் படப்பிடிப்பில் பயன்படுத்தவில்லை. படத்துக்குப் பிறகு தேடல் பெருகியது, போலிகளும் பெருகின. அந்தப் பெயரை உரிமம் பெற்று அச்சிட்ட தொழிற்சாலைக் கியூக்களும் வந்தன. அதனால் இன்று அசல் ஒன்றை வாங்குபவர் முன்கைக் கட்டை யாருடையது, வளையங்கள் எப்படி, பழைய ஷாஃப்டுகள் கூடவே இருக்கின்றனவா, யார் யார் கை மாறி வந்தது என்று சொத்துப் பத்திரம் பார்ப்பதுபோல் பார்க்கிறார். கைமாறிய வரலாறு எழுத்தில் இருந்தால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை.

உயிரோடு இருக்கும் பட்டறைகளிலும் இதே கதைதான். லாஸ் வேகஸில் ஜெர்ரி ஃபிராங்ளின் 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த சவுத்வெஸ்ட் பட்டறைக் கியூக்கள் அடிக்குப் பெயர்போனவை. அவர் 1996-ல் இறந்தபிறகு மனைவி லாரி நடத்தினார். அங்கே பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர், காத்திருந்து வாங்கியவரிடம் கூடுதல் கொடுத்து வாங்குகிறார். பட்டறை கேட்ட விலையைவிடச் சந்தை விலை மேலே போவது இப்படித்தான். பட்டறையைப் பெரிதாக்கினால் தட்டுப்பாடு தீரும், ஆனால் கட்டையை ஒதுக்கும் கண் ஒன்றுதானே இருக்கிறது? இங்கே வாங்குபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெறும் முதலீடாக வாங்கி அலமாரியில் பூட்டுபவர்களைப் பற்றி மட்டும் வருத்தம் உண்டு. கியூ ஆடுவதற்காகச் செய்தது.

ஆட்டத்துக்கு மட்டும் என்று பார்த்தால் தொழிற்சாலை பல இடங்களில் முந்திவிட்டது. பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழற்சி கொடுக்கும்போது வெள்ளைப் பந்து நீங்கள் குறிவைத்த கோட்டிலிருந்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகும். ஷாஃப்டின் முனைக் கனத்தைக் குறைத்தால் அந்த விலகல் குறையும். 1994-ல் தொடங்கிய பிரெடேட்டர் கம்பெனி இதை ஆராய்ந்து தனி ஷாஃப்டே கொண்டுவந்தது. இப்போது கார்பன் இழை ஷாஃப்ட் வந்திருக்கிறது. அது வெயிலுக்கும் மழைக்கும் வளையாது, ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும். போட்டிகளில் ஆடும் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கைவேலை அடிப்பாகத்தில் கார்பன் ஷாஃப்டைப் பொருத்தி ஆடுபவர்களும் உண்டு.

நம் ஊரில் இதைச் செய்ய முடியாதா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். பொதிகை மலைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தோன்றக்கூடிய கேள்விதான். அடிப்பாகத்துக்குக் கருங்காலியும், ரோஸ்வுட் எனப்படும் தோதகத்தியும் உலகமெங்கும் விரும்பப்படும் மரங்கள். ஆனால் களக்காடு முண்டந்துறைக் காடு 1988 முதல் புலிகள் காப்பகம். தோதகத்தியை நம் பட்டா நிலத்தில்கூட நினைத்தபடி வெட்ட முடியாமல் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பல ஆண்டுகள் தடுத்துவந்தது. உலக அளவில் 2017 முதல் அந்த இன மரங்கள் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. தந்தமும் அப்படியே. பழைய அமெரிக்கக் கியூக்கள் பலவற்றில் நுனி வளையத்திலும் பதிப்பு வேலையிலும் யானைத் தந்தம் இருக்கும். அமெரிக்காவிலேயே 2016-ல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்துவிட்டார்கள். இந்தியாவுக்குள் அப்படி ஒரு கியூவைக் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். உறவினர் யாராவது வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவதாகச் சொன்னால், தந்தம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மற்றபடி, ஷாஃப்டுக்கான மேப்பிளை இறக்குமதி செய்துகொண்டால், நம் கடைசல்காரர்களின் கைக்கு இந்த வேலை எட்டாத உயரம் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான், தம்பி. முதல் கியூவாகக் கைவேலைக் கியூவைத் தேடாதீர்கள். நடுத்தர விலையில் மேப்பிள் ஷாஃப்ட் உள்ள ஒன்றை வாங்குங்கள். கடையிலேயே இரண்டு பாதிகளையும் தனித்தனியாக மேசையில் உருட்டிப் பாருங்கள், பிறகு சேர்த்து உருட்டுங்கள். தனியாக நேராக ஓடி, சேர்த்தபின் ஆடினால் குறை இணைப்பில். ஷாஃப்ட் மட்டும் ஆடினால் அதை வாங்கவே வேண்டாம். ரேகை பாதியில் பக்கவாட்டில் போய் முடிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கியூவை விடுவதும், ஐப்பசி மழையில் ஈரச் சுவரில் சாய்த்து வைப்பதும் கோலைக் கெடுத்துவிடும். அடிப்பாகத்துக்கு வார்னிஷ் காப்பு இருக்கிறது, ஷாஃப்டுக்கு அநேகமாக இருக்காது, ஈரம் நேராக உள்ளே போகும். ஆடி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து உறையில் போடுங்கள்.

கொஞ்சம் செலவழிக்க முடியுமென்றால் அதை நுனித் தோலில் செலவழியுங்கள். கிளப் கியூக்களில் பெரும்பாலும் நுனி காய்ந்து தட்டையாகியிருக்கும், மாற்றிவிட்டால் அதே கோல் வேறு கோலாகிவிடும். நடுத்தரக் கடினமுள்ள தோலை ஒட்டச் சொல்லி, அதன் வளைவை ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்போடு வைத்துப் பாருங்கள். இப்போது புழக்கத்தில் இருக்கும் சிறிய ஒரு ரூபாயின் விளிம்பு அதற்குப் பொருத்தமான அளவு. வளைவு நாணயத்தோடு ஒட்டி நின்றால் சரி, தட்டையாக இருந்தால் ஒட்டியவரிடமே கொடுத்து இன்னும் கொஞ்சம் உருட்டிக்கொள்ளுங்கள்.